நேரே சர்வரிடம் கேட்கிறவர்

ஆவணி மாதத்துக் கடைசித் திங்கட்கிழமை, காலை எட்டே முக்கால் பஸ்ஸில், இரண்டு பைகளும் ஒரு டேபிள் ஃபேனுமாக எழில் கோயம்புத்தூருக்குப் புறப்பட்டுப் போனாள். திருத்தங்கல்லில் ஓர் அச்சகத்தின் மாடியில், பட்டாசு லோடுகளுக்கு லாரியில் இடம் பதிவு செய்கிற ஆப் ஒன்றை ஏழு பேர் சேர்ந்து நடத்துகிறார்கள். அந்த ஆப்பின் பச்சைப் பொத்தான், சிவப்புப் பொத்தான், தட்டினால் சிணுங்கும் மணிப் பொத்தான் எல்லாம் எழில் செய்தவை. அவள் போன பிறகு மிச்சம் ஆறு பேர். அந்த ஆறு பேரில் ஒருவர், அதுவரை அவள் முதுகுக்குப் பின்னால் பாதி மறைந்து உட்கார்ந்திருந்தவர், குளத்தில் தண்ணீர் வற்றினால் பாறை தெரிகிற மாதிரி அன்றைக்கு முழு உருவில் தெரிந்தார்.

வாசகரே, அந்த இனத்துக்குப் பெயர் கறுப்புத் திரைக்காரர்.

இவர்களை நீங்கள் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. பெங்களூரின் கண்ணாடிக் கட்டடங்களில் இருப்பார்கள். விமான நிலையத்தில் நாற்காலிகள் காலியாகக் கிடக்க, பிளக் பாயின்ட் பக்கத்தில் தரையில் சம்மணம் போட்டிருப்பார்கள். மொழி தெரியாத ஊரில், பெயர் தெரியாத காப்பிக் கடையில், மூலை மேசையில் ஒருவர் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகளை முறைத்துக்கொண்டிருந்தால், தைரியமாக நம்மூர்க்காரரைப் பார்த்ததுபோல் தலையசைக்கலாம். அவர் கவனிக்க மாட்டார். நம்முடைய மாதிரி புகழேந்தி. வயது முப்பத்தைந்து. கீழே காலண்டர் தாள் வெட்டும் மெஷின் தடதடக்க, மேலே அவருடைய விசைப்பலகை அதற்கு ஈடுகொடுத்துத் தடதடக்கும்.

அப்படி என்னதான் செய்கிறார்? நீங்கள் ஓர் ஆப்பைத் திறந்து ஒரு பொத்தானை அழுத்தினால், அது எங்கோ தூரத்தில் இருக்கும் சர்வரைக் கூப்பிட்டு, இன்ன வேலையைச் செய்து பதில் சொல் என்று கேட்கிறது. சர்வர் பதில் சொல்கிறது. அந்தப் பதிலை ஆப் குளிப்பாட்டி, பவுடர் போட்டு, தலைசீவி நம் முன்னால் கொண்டுவந்து நிறுத்துகிறது. இந்தக் குளிப்பாட்டல்தான் புகழேந்திக்கு ஆகாது. பவுடருக்கு அடியில் ஏதோ ஒளிந்திருக்கிறது என்பது அவருடைய உறுதியான எண்ணம். ஆகவே அவரிடம் ஒரு கருவி உண்டு. அதற்கு முகம் கிடையாது. ஒரு வரி எழுத இடம் மட்டும் உண்டு. சர்வரின் முகவரி, சேவையின் பெயர், வேலையின் பெயர், வளைந்த அடைப்புக்குறிக்குள் விவரம். தட்டினால் சர்வர் நேரே இவரிடமே பேசும். நடுவில் ஆள் இல்லை. பொத்தான் இல்லை. பவுடர் இல்லை.

அந்தப் பேச்சுவார்த்தைக்கு ஒரு சடங்கு முறை இருக்கிறது. முதலில் மவுஸை, செத்த எலியைத் தள்ளுவதுபோல இரண்டு விரலால் ஓரமாக நகர்த்துவார். எதிர்ச் சன்னலின் திரையை இழுத்துவிடுவார். பிறகு தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோல, ஆனால் ஆறு பேருக்கும் கேட்கும்படி, "சும்மா ஒரு தடவ நேரா கேட்டுப் பாத்துருவோம்" என்பார். முதல் முறை எப்போதும் தோற்கும். இது ரகசியப் பூட்டுப் போடாத, திறந்த லைன் என்று கருவியிடம் சொல்ல மறந்திருப்பார். "ம்ம்" என்பார், எதிர்பார்த்ததே நடந்த மாதிரி. இரண்டாம் முறையும் தோற்கும். எங்கோ ஒரு மேற்கோள் குறி விட்டுப்போயிருக்கும். அதைத் தேடப் பத்து நிமிடம். மூன்றாம் முறை பதில் வந்து விழும்போது, சரவெடிக்குத் திரி பற்றவைத்தவர் பின்வாங்குவதுபோல நாற்காலியோடு ஓரடி பின்னால் நகர்ந்து, கையைக் கட்டிக்கொண்டு பார்ப்பார்.

அந்த இன்பம் நமக்குப் புரியாது.

கருவியில் இரண்டு கேள்விகள் அவருக்கு உயிர். உன்னிடம் என்னென்ன இருக்கிறது என்பது முதல் கேள்வி. சர்வர் பட்டியல் போடும். அதில் இன்ன வேலைக்கு என்னென்ன வேண்டும் என்பது இரண்டாவது, சர்வர் விளக்கும். சில சர்வர்கள் தங்களைப் பற்றி ஒன்றுமே சொல்வதில்லை. அவற்றைத் திமிர் பிடித்தவை என்று ஒதுக்கிவிடுவார். இதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. விருதுநகரில் புரோட்டாக் கடைக்குப் போனாலும் இதே முறைதான். மேசையில் உட்காராமல் நேரே அடுப்புக்குப் போய்விடுவார்.

"மாஸ்டர், என்னென்ன இருக்கு?"

"போர்டுல எழுதிப் போட்டிருக்குல்லண்ணே."

"போர்ட விடுங்க. ஒங்ககிட்ட என்ன இருக்கு?"

மாஸ்டர் கரண்டியை நிறுத்தாமல் பதினோரு அயிட்டங்களை ஒப்பித்தார்.

"சுக்காவுக்கு என்னென்ன வேணும்?"

"காசு வேணும்" என்றார் மாஸ்டர்.

வீட்டிலும் அப்படியே. சாப்பாடு ரெடி என்று மனைவி சொர்ணலட்சுமி கூப்பிட்டால், சரி என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய் மூடியைத் தூக்கிப் பார்த்த பிறகுதான் கை கழுவுவார். சண்டை பிடித்து அலுத்துப்போன சொர்ணலட்சுமி இப்போது சொந்தக்காரர்களிடம் ஒரே வரியில் சொல்லிவிடுகிறாள்: "எங்க வீட்ல மனுசி சொன்னா நம்ப மாட்டாக. சட்டி சொன்னாத்தான் நம்புவாக."

எழில் இருந்தவரைக்கும் இதனால் யாருக்கும் நட்டம் இல்லை. வாடிக்கையாளர் யாராவது போன் செய்து ஆப்பில் ஒன்று கேட்டால், புகழேந்தி மவுஸைத் தள்ளி, திரையை இழுத்து, "ம்ம்" சொல்லும் கட்டத்துக்கு வருவதற்குள், அவள் பொத்தானைத் தட்டிப் பதில் சொல்லி போனையும் வைத்திருப்பாள். இப்போது அந்த நாற்காலி காலி. போன் எடுக்கிற இசைவாணி சேர்ந்து நான்கு மாதம்தான் ஆகிறது. ஆகவே புகழேந்தி கேட்கத் தொடங்கினார். எல்லாவற்றையும் கேட்டார். யாரும் சந்தேகப்படாததையும் கேட்டார்.

புரட்டாசி இரண்டாவது புதன்கிழமை பதினொரு மணிக்கு சோலையம்மாள் மாடிப்படி ஏறி வந்தார்.

தாயில்பட்டிப் பக்கம் பன்னிரண்டு பேரை வைத்துக் கம்பி மத்தாப்பு யூனிட் நடத்துகிறவர். இருபது வருடம் அடுத்தவர் கம்பெனியில் மத்தாப்புக் கம்பியை மருந்தில் முக்கி, போன வருடம்தான் சொந்தமாகத் தொடங்கினார். ஹூப்ளியில் ஒரு கடைக்காரர் நேரே ஆர்டர் கொடுத்திருந்தார். இடைவியாபாரி இல்லாமல் வந்த முதல் ஆர்டர் அது. வெடி ஏற்ற லைசென்ஸ் உள்ள லாரிகள் சீசனில் கொஞ்சம்தான், இடத்துக்கு அடிதடி. அன்றைக்குச் சாயங்காலம் புறப்படும் ஹூப்ளி லாரியில் முப்பது லோடுக்கு மட்டும் இடம். ஆப்பில் பதிவு திறந்த திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு, ஐந்து ஐம்பதிலிருந்தே பொத்தான் மேல் விரலை வைத்துக் காத்திருந்து, சோலையம்மாள் தட்டினார். முதல் இடம் அவருக்கு. லாரி புதன்கிழமையே கிளம்பினால் வெள்ளிக்குள் சரக்கு கடையில் இறங்கும். தவறினால் அடுத்த ஹூப்ளி லாரி ஒன்பது நாள் கழித்துத்தான். ஞாயிற்றுக்கிழமைக்குள் வராவிட்டால் வேறு ஆளிடம் வாங்கிக்கொள்வேன் என்று கடைக்காரர் கறாராகச் சொல்லியிருந்தார்.

இவ்வளவு கவலையோடு வந்தாரா என்றால், இல்லை. சிரித்த முகமாக வந்தார்.

"பாப்பா, போன் நம்பர் ஒண்ணு மாத்தணும். பழைய போனு தண்ணித் தொட்டிக்குள்ள விழுந்துருச்சு. லாரி செட்டுலருந்து கூப்பிட்டா இந்தப் புது நம்பருக்குக் கூப்பிடச் சொல்லணும்."

"அம்புட்டுத்தானக்கா, ஒக்காருங்க" என்று இசைவாணி ஆப்பைத் திறந்தாள். நம்பர் மாற்றும் பொத்தானைத் தட்ட அரை நிமிடம் ஆகும். ஆனால் புகழேந்தியின் நாற்காலி அதற்குள் திரும்பிவிட்டது.

"இரு இசை. மாத்துறதுக்கு முன்னாடி லோடு ஒழுங்கா இருக்கான்னு சும்மா ஒரு தடவ நேரா கேட்டுப் பாத்துருவோம்."

மவுஸ் நகர்ந்தது. திரை இழுபட்டது. முதல் தோல்வி, ம்ம், மேற்கோள் குறி. மூன்றாம் முறை பதில் வந்தது. லோடு எண் இருந்தது. யூனிட் பெயர் இருந்தது. ஊர் ஹூப்ளி, பெட்டி நாற்பத்தெட்டு, லாரி எண்ணும் இருந்தது. இடம் என்ற வரி மட்டும் இல்லை.

புகழேந்தியின் நெஞ்சு திக்கென்றது. அதற்குப் பின்னாலேயே, சொல்லக் கூடாதுதான், ஒரு சின்னச் சந்தோஷமும் எட்டிப் பார்த்தது. பவுடருக்கு அடியில் இதோ, பிடித்துவிட்டார்.

"அக்கா, ஒங்களுக்கு இடமே போடலையே."

"என்ன தம்பி சொல்றீக? இந்தா பாருங்க, ஒண்ணுன்னு பச்சையில எரியுது."

"அது ஆப் சொல்றது."

"அந்த ஆப்ப யாரு செஞ்சது? நீங்கதான?"

"நாங்கதான். அதனாலதான் நம்பாதீங்கன்னு சொல்றேன்."

சோலையம்மாள் இசைவாணியைப் பார்த்தார். இசைவாணி மேசையைப் பார்த்தாள். புகழேந்தி அவசரக்காரர் இல்லை. சோதிக்காமல் முடிவுக்கு வர மாட்டார். ஆகவே வேறொருவருடைய லோடையும் கேட்டுக் காட்டினார். அதில் இடம் பதினான்கு என்று தெளிவாக வந்தது. இன்னொன்றில் இருபத்தொன்று. "பாத்தீங்களா? இவுகளுக்கெல்லாம் வருது. ஒங்களுக்கு மட்டும் வரல. நல்ல வேள, நீங்க வந்தீங்க, நான் கேட்டேன். இல்லேன்னா சாயங்காலம் லாரி செட்டுல போய் நின்னு ஏமாந்திருப்பீங்க."

சோலையம்மாளின் சிரிப்பு போய்விட்டது. "இப்ப என்ன செய்ய?"

"பயப்படாதீங்க. நானே நேரா பதிவு போட்டுத் தாரேன்."

போட்டார். சர்வர் பதில் சொன்னது: இந்த லோடு ஏற்கெனவே பதிவாகியிருக்கிறது.

வாசகரே, இங்கே சற்று நிற்க வேண்டும். பொத்தானை நம்பாமல், ஆப்பை நம்பாமல், எந்தச் சர்வரின் வாயிலிருந்து நேரே கேட்க வேண்டும் என்று இந்த மனிதர் இத்தனை வருடம் தவம் கிடந்தாரோ, அந்தச் சர்வர் வாய் திறந்து, பவுடர் இல்லாமல், உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டது. அவர் என்ன செய்தார்?

"பழைய குப்ப ஒண்ணு ஒட்டிக்கிட்டுக் கெடக்கு. அழிச்சுருவோம்" என்றார்.

அழித்தார். பதிலாக வெறும் அடைப்புக்குறி இரண்டு வந்தன. உள்ளே எதுவும் இல்லை.

"ஒண்ணுமே வரலையேண்ணே" என்றாள் இசைவாணி.

"ஒண்ணும் வரலேன்னா வேலை முடிஞ்சுதுன்னு அர்த்தம்."

"அப்ப அக்காவுக்கு இடம்னு ஒண்ணும் வரலேன்னா?"

"அது வேற, இது வேற" என்றார் புகழேந்தி.

புதிதாகப் பதிவு போட்டார். இந்த முறை இடம் என்ற வரி பளிச்சென்று வந்தது. "பாருங்க! இப்ப வந்துருச்சா?" என்று நாற்காலியைப் பின்னால் தள்ளினார். முப்பத்தாறு என்று வந்திருந்தது.

சோலையம்மாள் அந்த எண்ணை விரலால் தொட்டுக் காட்டினார். "முப்பது லோடுக்கு மேல ஏறாதே தம்பி?"

"ஏறாது."

"அப்ப?"

"அடுத்த லாரி. ஒன்பது நாள்தான்."

"ஒன்பது நாளா? ஞாயித்துக்கெழமைக்குள்ள சரக்கு எறங்கலேன்னா அந்தாளு வாங்க மாட்டாரு. தீவாளி முடிஞ்சு நாப்பத்தெட்டுப் பெட்டி கம்பி மத்தாப்ப நான் யாருக்குக் கொளுத்திக் காட்டுறது? மழக்காத்து பட்டா கம்பி துருப்பிடிச்சுப் போகும். எம்புட்டுப் பேரு நம்பி இருக்காக தெரியுமா?" குரல் உயரவில்லை. அதுதான் இசைவாணிக்குச் சங்கடமாக இருந்தது. "நான் போன் நம்பர் மாத்தத்தான தம்பி வந்தேன்?"

புகழேந்தி, ஆப்பில் இருந்த கோளாறுக்கு யாரும் பொறுப்பாக முடியாது என்று தொடங்கினார். சோலையம்மாள் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"எங்கக்கா போறீங்க?" என்றாள் இசைவாணி.

"லாரி செட்டுக்கு. அங்கனயாவது மனுசங்க இருப்பாக."

படியில் செருப்புச் சத்தம் இறங்கிப் போன பிறகு புகழேந்திக்கு மனத்தாங்கலாக இருந்தது. உண்மையைச் சொன்னவனுக்கு ஒரு நன்றிகூட இல்லை. ஏமாற இருந்த பெண்ணை எச்சரித்திருக்கிறார். இடமே இல்லாதவருக்கு முப்பத்தாறாவது இடமாவது வாங்கிக் கொடுத்திருக்கிறார். எழிலின் பச்சைப் பொத்தானை நினைத்துத் தலையை ஆட்டினார். பாவம், நல்ல பெண்தான். பவுடர் போடுவதில்தான் கெட்டிக்காரி.

இசைவாணி அதற்குள் ஆப்பைத் திறந்து முதல் இடம் இப்போது யாருக்குப் போயிருக்கிறது என்று பார்த்தாள். காலியான இடம், காத்திருப்போரில் முன்னால் நின்றவருக்குத் தானாகப் போய்விடும். சாத்தூர் ரோட்டில் இருக்கும் பெரிய கம்பெனி ஒன்றுக்குப் போயிருந்தது.

"அண்ணே, இந்தக் கம்பெனி லோட ஒரு தடவ கேட்டுப் பாருங்களேன்."

கேட்கச் சொன்னால் மாட்டேன் என்பாரா? கேட்டார். பதில் வந்தது. லோடு எண், பெயர், ஊர், பெட்டி, லாரி. இடம் என்ற வரி இல்லை.

"அடடா, இவுகளுக்கும் போடல!" புகழேந்தியின் விரல்கள் விசைப்பலகையில் பாய்ந்தன. "பழச அழிச்சிட்டு…"

இசைவாணி விசைப்பலகையின் ஒயரைப் பிடித்து இழுத்துவிட்டாள்.

"அண்ணே, கைய எடுங்க. மொதல்ல எனக்கு ஒண்ணு சொல்லுங்க. முதல் இடத்துக்கு உள்ள என்ன நம்பர் வச்சிருக்கீங்க?"

"பூஜ்யம்." இது அவருக்குப் பிடித்த பாடம். "கம்ப்யூட்டர்ல எப்பவுமே பூஜ்யத்துலருந்துதான் எண்ணணும். முதல் ஆளுக்குப் பூஜ்யம், ரெண்டாவது ஆளுக்கு ஒண்ணு, நான்தான் அப்படி வச்சேன். ஏன்னா பூஜ்யங்கிறது…"

பாடம் அங்கேயே நின்றது.

அந்தக் கருவிக்கு ஒரு குணம் உண்டு. பூஜ்யத்தை அது காட்டாது. நாமாகக் கேட்டால் ஒழிய, பூஜ்யம் என்று ஒரு பதில் இருந்தாலும் ஒன்றுமில்லை என்று இருந்தாலும் அதற்கு ஒன்றுதான். அந்த வரியை விழுங்கிவிடும். எழிலுக்கு இது தெரிந்திருந்தது. சர்வர் சொல்கிற எண்ணோடு ஒன்றைக் கூட்டி, மனிதர்களுக்குப் புரியும்படி ஒன்று என்று பச்சையில் போட்டிருந்தாள். அதுதான் பவுடர்.

"அப்ப அந்த அக்காதான் மொத ஆளா இருந்திருக்காக" என்றாள் இசைவாணி. "நாமதான் எறக்கி விட்டிருக்கோம்." நாம என்று சொன்னது அவளுடைய பெருந்தன்மை.

ஒன்றரை மணி. லாரி செட்டுக்குப் போன் செய்யலாம் என்றால் புகழேந்தியிடம் அங்கே ஒருவர் நம்பரும் இல்லை. அங்கே வேலை செய்கிற சர்வரின் முகவரி மட்டும் மனப்பாடம். இசைவாணி போட்ட போனை யாரும் எடுக்கவில்லை. மூன்று வருடமாக லாரிக்கு இடம் போடும் கம்பெனியில் இருக்கும் மனிதருக்கு லாரி செட் எந்தப் பக்கம் என்றும் தெரியாது. ஆகவே இசைவாணி ஸ்கூட்டர் ஓட்ட, பின்னால் மடிக்கணினியைத் திறந்து மடியில் வைத்துக்கொண்டு புகழேந்தி உட்கார்ந்தார். சிவகாசி ரோட்டில் ஒவ்வொரு வேகத்தடையிலும் ஓர் எழுத்து தப்பாக விழுந்தது.

லாரி செட்டில் அவர்கள் பயந்தபடியே நடந்துகொண்டிருந்தது. மினி வேனில் நாற்பத்தெட்டுப் பெட்டிகளும் வந்து நின்றன. வேன் கதவில் சாய்ந்துகொண்டு சோலையம்மாள். எதிரே பொறுப்பாளர் சிவபாண்டி, ஆப்பைப் போலவே ஒன்று கூட்டி அச்சடித்த லிஸ்டோடு.

"லிஸ்டுல முப்பத்தேழுன்னு இருக்கேக்கா. நான் எப்படி ஏத்துறது? காலைல பாத்தப்ப நீங்கதான் மொத ஆளு, எனக்கே ஞாபகம் இருக்கு. ஆனா இப்ப லிஸ்டு இப்படிச் சொல்லுது."

"ஒரு தம்பி நேரா கேட்டுப் பாத்தாக. அதுலருந்து இப்படி ஆயிப்போச்சு."

"அந்தத் தம்பி நான்தான்" என்று மூச்சு வாங்க வந்து நின்றார் புகழேந்தி. "தப்பு என்னுது. இவுகதான் முதல். ஏத்துங்க."

சிவபாண்டி அவரை மேலும் கீழும் பார்த்தார். "நீங்க சொல்லிட்டாப் போதுமா? லிஸ்டுல வரட்டும், ஏத்துறேன்."

"ஒரு நிமிசம். நான் நேரா…"

வேன் பானெட்டின் மேல் மடிக்கணினியை வைத்தார். லாரி செட்டின் தகரக் கூரைக்கு அடியில் சிக்னல் ஒரு கோடு வரும், போகும். கருவி சர்வரைக் கூப்பிட்டது; நேரம் கடந்துவிட்டது என்று சொன்னது. மறுபடி கூப்பிட்டது, மறுபடி நேரம் கடந்தது. "ம்ம்" என்றார். இந்த "ம்ம்" எதிர்பார்த்த "ம்ம்" இல்லை. நெற்றியிலிருந்து ஒரு சொட்டு விசைப்பலகையில் விழுந்தது. ஏற்றுகிறவர்கள் பதினெட்டாவது லோடை ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

"ஏண்ணே, மொத எடம் இப்ப சாத்தூர் ரோட்டுக் கம்பெனிக்கு இருக்கு. அவுக சரக்கு வந்துருச்சா?" என்று சிவபாண்டியைக் கேட்டாள் இசைவாணி.

"இன்னும் வரல."

"போன் போட்டுக் கேளுங்களேன்."

கேட்டார். ஒரே நிமிடம். கம்பெனி மேனேஜர், காலையில் காத்திருப்பில் இருந்ததால் எங்களுக்கு இடம் கிடைக்காது என்று முடிவுபண்ணி வண்டியை மதுரைக்கு அனுப்பிவிட்டோம், அந்த இடம் எங்களுக்கு வேண்டாம், யாருக்கு வேண்டுமானாலும் கொடுங்கள் என்றார். சிவபாண்டி தன் போனைப் புகழேந்தியிடம் நீட்டினார். திரை ஓரம் கீறல் விழுந்த பழைய போன். அதில் பொறுப்பாளருக்கான ஆப். அதில் எழில் செய்த மஞ்சள் பொத்தான் ஒன்று. இடம் மாற்று என்று எழுதியிருந்தது.

"தப்பு பண்ணவரே அமுக்குங்க. நாளைக்கு என்னய யாரும் கேக்கக் கூடாது பாருங்க."

புகழேந்தி அமுக்கினார். மூன்று வருடத்தில் அவர் அந்த ஆப்பில் அமுக்கிய முதல் பொத்தான் அது. அது அந்த ஒற்றைக் கோட்டுச் சிக்னலைப் பொறுமையாகக் காத்திருந்து பிடித்துக்கொண்டு, ஒரு சுற்று சுற்றி, பச்சையானது. சோலையம்மாள், ஹூப்ளி, ஒன்று.

எல்லோரும் அந்த ஒன்றைப் பார்த்தார்கள். புகழேந்தியும் பார்த்தார். அவருடைய கண்கள் மெல்ல மடிக்கணினிப் பக்கம் நகர்ந்தன. வாய் திறந்தது. "சும்மா ஒரு…"

"தம்பி!" என்றார் சோலையம்மாள். "வாய மூடுங்க. ஏலே, பெட்டிய எறக்குங்கலே!"

ஐந்து மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது லாரி கிளம்பியது. அது வளைவில் மறையும்வரை சோலையம்மாள் ரோட்டோரம் நின்று பார்த்தார். பிறகு இசைவாணியிடம் வந்து, அந்தப் போன் நம்பரை மாற்றிவிடும்படி இரண்டாம் முறையாகக் கேட்டார். வெள்ளிக்கிழமை சரக்கு ஹூப்ளியில் இறங்கியது.

புகழேந்தி திருந்தினாரா என்று கேட்பீர்கள். இந்த இனம் திருந்தாது, வசதி கூட்டிக்கொள்ளும். பூஜ்யத்தையும் காட்டு என்று கருவியிடம் சொல்ல ஒரு வழி முன்பிருந்தே இருக்கிறது, அதன் உதவிப் பக்கத்தில் எழுதியும் வைத்திருக்கிறார்கள். எதையும் நேரே கேட்கிற மனிதர், அந்தக் கருவியிடம் அதைப் பற்றிக் கேட்க மட்டும் மறந்திருந்தார். இப்போது அதைச் சேர்த்துத்தான் எழுதுகிறார். புதிதாகச் சேருகிறவர்களிடம், "இது நெறையப் பேருக்குத் தெரியாது" என்று தொடங்கி, தானே கண்டுபிடித்த மாதிரி அரை மணி நேரம் விளக்குகிறார்.

சிரிக்கிறீர்கள். நல்லது. ஆனால் வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பி, நீல டிக் இரண்டும் விழுந்த பிறகு, போன் போட்டு "மெசேஜ் வந்துச்சா?" என்று கேட்டவர் யார்? பூட்டிய கதவைத் தெருமுனையிலிருந்து திரும்பி வந்து இழுத்துப் பார்த்து, இழுத்த இழுப்பில் பூட்டையே தளர்த்தியவர் யார்? போகட்டும், அதெல்லாம் வேறு யாரோ. இப்போது, இந்த வரியை வாசிக்கும்போது, அந்தக் கருவி உண்மையிலேயே பூஜ்யத்தை விழுங்குமா, ஒரு தடவை போட்டுப் பார்த்தால்தான் என்ன என்று உங்கள் விரல் நுனியில் லேசாக ஓர் அரிப்பு எடுக்கிறதே, அதை மட்டும் யாரிடமும் சொல்லிக்கொள்ளாதீர்கள். மவுஸ் எங்கே இருக்கிறது என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்த வருடம், ஆடிப் பதினெட்டுக்குப் பூஜை போட்டு சீசன் தொடங்கிய மறுநாள், புகழேந்தியின் போனுக்கு ஒரு செய்தி வந்தது.

"தம்பி, தாயில்பட்டி சோலையம்மாள். இந்த வருசமும் ஹூப்ளிக்கு லோடு போட்டாச்சு. மொத எடம்தான் வந்துச்சு. நான்தான் வேண்டாம்னு சொல்லி ரெண்டாவது எடமா மாத்தி வாங்கிக்கிட்டேன். அது ஒங்க கறுப்புத் திரையில தெரியும்ல?"